கடல் கடந்த வாணிபமும் நம் பிள்ளைகளின் பட்டப் படிப்பும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் வேனிற்காலத்தில், நம் சங்கத்து அங்கத்தினர் இல்லங்கள்தோறும் ஒரு வினா எழுகின்றது. பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதே அவ்வினா. முன்னெல்லாம் ஆசிரியர் பணி, அரசாங்க உத்தியோகம், பொறியியல் என்று இரண்டு மூன்று விடைகளே இதற்கு வழங்கி வந்தன. இக்காலத்தில் நான்காவதாக ஒரு விடையும் சேர்ந்திருக்கின்றது. ஏற்றுமதி வாணிபத்துக்கு உதவும் படிப்பு எதுவோ, அதில் சேர்க்க வேண்டும் என்று நெசவாளரும் விவசாயியும் விரும்புகின்றனர். தாம் நெய்த துணியும் தாம் விளைத்த மஞ்சளும் கடல் கடந்து செல்வதைக் கண்ணாரக் காண்கின்றவர்கள் அவ்வாறு விரும்புவது இயல்பே. ஆனால், அதற்கு எந்தப் பட்டம் வேண்டும் என்று சொல்லுவார் அரியர்.

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துப் பெருங்குடி என்னும் ஊர் உள்ளது. தனிப் பேரூராட்சியாக இருந்த அவ்வூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. 2020-இல் அங்கு உலக வர்த்தக மையம் என்னும் பெயர் தாங்கிய வானளாவிய மாளிகை எழுந்தது. அச்சாலை வழியே பஸ்ஸில் செல்லும் பெற்றோர் அப்பெயரைப் படித்து, தம் மகனோ மகளோ இத்தகைய இடத்தில் அமர்ந்து வேலை பார்க்க மாட்டாரா என்று எண்ணுவர். அவ்வெண்ணத்துக்கு ஏற்ப, 'சர்வதேச வணிகம்' என்னும் அடைமொழி சேர்த்த பி.காம்., பி.பி.ஏ. வகுப்புக்கள் பல கல்லூரிகளில் நடைபெறுகின்றன. வகுப்புக்கு அப்பெயர் இருப்பதனாலேயே அதிற் படித்தவருக்கு அவ்வேலை கைகூடுமா என்பதை நாம் ஆராய வேண்டும். பிள்ளையின் மூன்று அல்லது நான்கு ஆண்டுக் காலமும், பெற்றோரின் சேமிப்பும், சில இல்லங்களில் தாயின் நகையும் இதில் அடங்கியிருக்கின்றன.

பழைய பாடம்

நம் நெசவாளருக்குக் கடல் வாணிபம் புதியதன்று. 1639-இல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றதே பருத்தித் துணியை நாடித்தான். 1734-இல் நெசவாளரையும் நூல் நூற்போரையும் குடியேற்றுவதற்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தனர். சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு மருவியது என்று கூறுவர். சென்னைக் கைக்குட்டை என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்கா வரையில் சென்றது.

துணி சென்றது; இலாபம் எங்கே தங்கியது? தறியில் அமர்ந்தவருக்குக் கூலி கிடைத்தது. வெள்ளைக்காரர் மொழியும் நம் மொழியும் அறிந்து நடுவில் நின்ற துபாஷிக்கும், அவருக்கு மேலிருந்த கம்பெனிக்கும் இலாபம் கிடைத்தது. இரு மொழி அறிந்தவர் என்பதே துபாஷி என்னும் சொல்லின் பொருள். நெசவாளரிடம் இல்லாத மொழியறிவும் கணக்கறிவும் சட்ட அறிவும் அவரிடம் இருந்தன. அந்த அறிவே அவருக்கு மூலதனமாயிற்று.

இந்த இடைவெளியைக் குறைக்கவே கூட்டுறவு இயக்கம் தோன்றியது. கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 1935-இல் தொடங்கப்பெற்றது. கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு 1965-இல் அமைக்கப்பெற்றது. அதன் தலைமை அலுவலகம் நம் சென்னையிலேயே இருக்கின்றது. கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை நேரே வெளிநாட்டுக்கு அனுப்பும் நோக்கத்துடன் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் 2023-இல் பதிவு செய்யப்பெற்றது. வாயில்கள் திறந்திருக்கின்றன. அவற்றின் வழியே நடந்து செல்லக் கற்றவர்கள் நம் இல்லங்களிலிருந்து வர வேண்டும். ஆகவே, 'எந்தப் பட்டத்துக்குச் சம்பளம் மிகுதி?' என்று முதலில் கேட்க வேண்டுவதில்லை. 'தறிக்கும் கப்பலுக்கும் இடையே, வயலுக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள வேலைகளுள் எதனை என் பிள்ளை ஏற்கப் போகின்றது?' என்று கேட்பதே முறை. அவ்வேலைகள் நான்கு.

முதல் வேலை: சரக்கை அறிதல்

1950-களின் இறுதியில் சென்னைக் கட்டத்துணி அமெரிக்காவில் பெரிதும் விற்பனையாயிற்று. தாவரச் சாயம் தோய்த்த துணி அது. தனியே, குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்டிர் அனைவரும் அறிந்த செய்தி. வாங்கிய அமெரிக்கருக்கு அது சொல்லப்படவில்லை. அவர்கள் பிற துணிகளோடு சேர்த்து வெளுக்கவே, சாயம் கலைந்து புகார்கள் குவிந்தன. பின்னர் விளம்பரக்காரர்கள் அக்குறையையே சிறப்பாக்கி, சாயம் போவதே இத்துணியின் அழகு என்று அறிவித்து விற்றனர். அதிர்ஷ்டம் அன்று துணை நின்றது. எப்பொழுதும் அது துணை நிற்கும் என்று நம்புதற்கில்லை.

1994-இல் ஜெர்மனி, புற்றுநோய் விளைக்கும் அமைன்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களைத் தடை செய்தது. இந்திய அரசாங்கமும் 1997-இல் அவ்வகைச் சாயங்களைத் தடுத்தது. அதுமுதல், எந்தச் சாயத்தில் என்ன இருக்கின்றது, அதனை எவ்வாறு சோதிப்பது என்று அறிந்தவரே ஏற்றுமதிச் சாலைகளுக்கு இன்றியமையாதவர் ஆயினர். விளைபொருளுக்கும் இதே நிலைதான். பழ ஈக்களும் பிற பூச்சிகளும் இருந்தமையால், 2013-இல் நம் நாட்டிலிருந்து சென்ற காய்கனிச் சரக்குகளில் 207 குறையுடையன என்று ஐரோப்பிய நாடுகளில் கண்டறியப்பட்டன. விளைவாக, 2014 மே முதல் நாளிலிருந்து மாம்பழத்தையும், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய காய்களையும் ஐரோப்பியக் கூட்டமைப்பு தடை செய்தது. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கிற்று. இடைப்பட்ட பருவத்தின் இழப்பு இழப்பாகவே நின்றது.

சரக்கறிவைத் தம் தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்குப் பொருத்தமானவை அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களே. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் நெசவுத் தொழில்நுட்பம் பி.டெக். பட்டமாகக் கற்பிக்கப்படுகின்றது. பெருங்குடிக்கு அண்மையில், தரமணியில், தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை நிலையம் 1995 முதல் நடைபெறுகின்றது. அங்கே துணி வடிவமைப்பு, ஆடை உற்பத்தி முதலியவற்றில் நான்காண்டுப் பட்டங்கள் உள்ளன. கைவினைஞருக்கும் அவர்தம் மக்களுக்கும் அக்கழகத்தில் தனியான சேர்க்கை ஏற்பாடு இருப்பதை நம் நெசவாளர் பலர் அறியார். அதற்கு அரசாங்கம் வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டை வேண்டும். ஆகவே அட்டை பெறாத அங்கத்தினர் முன்கூட்டியே பெற்று வைத்தல் நலம். சேலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் உண்டு.

விளைவிப்போர் மக்களுக்குக் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் உறுப்புக் கல்லூரிகளும் வேளாண்மை, தோட்டக்கலை, உணவுத் தொழில்நுட்பம் ஆகிய பட்டங்களை அளிக்கின்றன. 1868-இல் சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளியே 1906-இல் கோயமுத்தூருக்குச் சென்று இவ்வாறு வளர்ந்தது.

இரண்டாம் வேலை: கணக்கும் பணமும்

ஐம்பதினாயிரம் டாலருக்கு ஒரு சங்கம் துவாலை அனுப்ப ஒப்புக்கொண்டதாகக் கொள்வோம். ஒப்புக்கொண்ட நாளில் டாலர் ஒன்றுக்கு இன்ன ரூபாய் என்று கணக்கிட்டு நூலும் சாயமும் வாங்கியாயிற்று. பணம் வந்து சேரும் நாளில் டாலரின் மதிப்பு இரண்டு ரூபாய் குறைந்திருப்பின், ஒரு நூலிழையும் வீணாகாமலே சங்கத்துக்கு ஒரு லட்ச ரூபாய் நஷ்டம். செலாவணி விகிதத்தை வங்கியோடு முன்னரே பேசி உறுதி செய்துகொள்ள வழி உண்டு. அதனை அறிந்தவர் அலுவலகத்தில் இருந்தாரா என்பதே கேள்வி.

அவ்வாறே 'எல்.சி.' என்று வழங்கும் வங்கி உறுதிப் பத்திரத்தைக் கருதுக. இதன்மேல் நம்மிற் பலருக்கு அளவற்ற நம்பிக்கை. வங்கி உறுதி கூறிவிட்டது, இனிப் பணத்துக்கு அச்சமில்லை என்பர். அனைத்துலக வாணிப மன்றத்தின் விதிகள் 2007 முதல் இப்பொழுதுள்ள வடிவில் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி வங்கி பார்ப்பது காகிதத்தையே, சரக்கை அன்று. பத்திரத்தில் ஒரு பெயரும் விலைப்பட்டியலில் வேறொரு பெயரும் கண்டிருந்தால், சரக்கு எவ்வளவு செம்மையாயினும் பணம் நிறுத்தப்படலாம். காகிதங்களை ஆராய வங்கிக்கு ஐந்து வேலை நாட்கள் உண்டு. கப்பலில் ஏற்றிய பின் இருபத்தொரு நாட்களுக்குள் அவற்றைச் சமர்ப்பிப்பது பொதுவான கெடு. நெசவாளர் இரவு பகலாய் உழைத்து உரிய நாளில் முடித்துக் கொடுத்த சரக்கு, எழுத்தரின் ஒரு சொல்லால் துறைமுகத்தில் தேங்கி நிற்பது எத்துணைக் கொடுமை!

இவ்வேலைக்கு ஏற்றவை பி.காம்., பொருளாதாரம், கூட்டுறவியல் ஆகிய பட்டங்கள். பி.காம். படித்தவர் மலிந்துவிட்டனர் என்பது உண்மையே. பரீட்சைக்கு முந்தின வாரத்தில் விடைகளை மனப்பாடம் செய்து தேறியவர்கள் மலிந்துள்ளனர். இருப்புநிலைக் குறிப்பை வாசித்து உட்பொருள் உணர்பவர்கள் இன்றும் அருகியே உள்ளனர். ஊரிலுள்ள அரசாங்கக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் நன்கு கற்ற பி.காம்., பெருங்கட்டணம் செலுத்தி நுனிப்புல் மேய்ந்த 'சர்வதேச' பட்டத்தினும் பயனுடையது என்பது நம் துணிபு.

மூன்றாம் வேலை: சட்டமும் ஒப்பந்தமும்

'சி.ஐ.எஃப்.' என்னும் முறையில் விற்பவர் கப்பல் கட்டணமும் காப்பீட்டுச் செலவும் செலுத்துகின்றார். ஆகவே சரக்கு அயல்நாட்டுத் துறையை அடையும்வரை ஆபத்தும் அவருடையதே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. சரக்கு நம் துறைமுகத்தில் கப்பலில் ஏறியவுடனேயே ஆபத்து வாங்குபவரைச் சார்ந்துவிடுகின்றது. இம்மூன்று எழுத்தின் பொருள் தெரியாமல் வீண் வழக்கில் இறங்கியவரும் உண்டு; நியாயமாக வர வேண்டிய தொகையை விட்டுக்கொடுத்தவரும் உண்டு.

நம் பொருளின் பெயரே ஒரு சொத்து. காஞ்சிபுரம் பட்டு, பவானி சமுக்காளம், மதுரை மல்லி, ஈரோட்டு மஞ்சள் ஆகியன புவிசார் குறியீடு பெற்றவை. 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான அப்பதிவகம் நம் சென்னைக் கிண்டியிலேயே உள்ளது. பதிவு செய்து வாங்கிய பெயரைப் பிறர் பொய்யாகப் பயன்படுத்தும்போது தடுத்து நிறுத்துவது யார்? அதற்கு வழக்கறிஞர் வேண்டும். தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவராக இருப்பின் இன்னும் நன்று.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி பெருங்குடியில் இயங்குகின்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் அங்கே ஐந்தாண்டு படித்து, பி.காம்., எல்எல்.பி. அல்லது பி.பி.ஏ., எல்எல்.பி. என்று வணிகத்தையும் சட்டத்தையும் ஒருசேரப் பெறலாம். வாதிடும் ஆர்வமும், நீண்ட பத்திரங்களைச் சலிப்பின்றிப் படிக்கும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு இது உகந்த வழி. ஐந்தாண்டு காத்திருக்க இயலாத குடும்பத்துக்கு இது உகந்ததன்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான்காம் வேலை: மொழியும் மக்களும்

வாங்குபவர் நாட்டு மொழியில் இரண்டு வாக்கியம் பேசுபவருக்குக் கிடைக்கும் வரவேற்பு தனி. மொழியை மட்டும் மூன்றாண்டுப் பட்டமாகப் படித்து வாணிபத்துக்கு வருவோர் சிலரே. பெரும்பாலோருக்கு மொழி துணைப் படிப்பாக இருப்பதே ஏற்றது. சென்னை நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸும், ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவனும் உள்ளன. பட்டப் படிப்பின் மூன்றாண்டும் மாலை வேளையிலோ விடுமுறையிலோ ஒரு மொழியைத் தொடர்ந்து கற்றால் கடிதம் எழுதும் அளவுக்கேனும் தேர்ச்சி பெறலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஆங்கிலத்தில் பிழையின்றி ஒரு வணிகக் கடிதம் எழுதப் பழக வேண்டும். தமிழ் வழியில் பயின்றவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. வணிகக் கடிதத்துக்குத் தேவையான சொற்கள் சில நூறே. நாள்தோறும் ஒரு கடிதம் எழுதிப் பழகினால் ஓராண்டில் கைவரும்.

'சர்வதேச' என்னும் அடைமொழி எப்பொழுது வேண்டும்?

வெளிநாட்டு வாணிபத்தைத் தனிக் கலையாகப் பயிலுவதற்கு உரிய இடம் பெரும்பாலும் இரண்டாம் பட்டமே. 1963-இல் இந்திய அரசாங்கம் நிறுவிய இந்திய அயல்நாட்டு வாணிபக் கழகம் அளிக்கும் முதுகலை மேலாண்மைப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். இந்திய வாணிபப் பணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து நேரே செல்ல விரும்புவோருக்கு அக்கழகத்தின் காக்கிநாடா நிலையத்தில் 2022-இல் ஐந்தாண்டுப் படிப்பொன்று தொடங்கப்பெற்றது. அதில் இடம் பெறுதல் எளிதன்று. ஆதலின், முதற் பட்டத்திலேயே அடைமொழியைத் தேடி அலைதல் வேண்டா. முதற் பட்டம் ஒரு துறையில் ஆழமான அறிவைத் தரட்டும்; வாணிபத்தின் நுட்பங்களைப் பின்னர் அதன்மேல் அடுக்கலாம்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. நல்ல ஆசிரியர்களும், சுங்க அலுவலகம், துறைமுகம், ஏற்றுமதிச் சாலை ஆகியவற்றில் உண்மையான பயிற்சியும் அமைந்த 'சர்வதேச வணிக' வகுப்பாக இருப்பின் அதிற் சேர்வதில் தவறில்லை. சேருமுன் நான்கு வினாக்களைக் கல்லூரியாரிடம் நேரில் கேட்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தை வழங்குகின்றது? மூன்றாண்டுக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு? ஏற்றுமதி ஆவணப் பாடத்தைக் கற்பிப்பவர் அத்தொழிலில் இருந்தவரா? சென்ற ஆண்டு தேறியவர்கள் எங்கே, என்ன வேலையில் இருக்கின்றனர்? தெளிவான விடை வாராத இடத்தில் பணம் கட்டுதல் கூடாது.

நம் பிள்ளைகளுக்கு உள்ள தனிச் சிறப்பு

நெசவாளர் வீட்டுப் பிள்ளை பாவுக்கும் ஊடைக்கும் வேற்றுமை அறிந்தே வளர்கின்றது. துணியைத் தொட்டவுடன் அதன் தரம் கைக்குத் தெரிகின்றது. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு விளைச்சலின் பருவமும் ஈரப்பதமும் பழக்கத்தில் வந்தவை. நகரத்துப் பிள்ளை இதனை நான்காண்டு படித்தும் முழுவதும் பெறுவதரிது. ஆகவே பொதுவாக ஒரு வழி சொல்லலாம். வீட்டில் கிடைக்காத அறிவைக் கல்லூரியில் தேடுக. வீட்டில் கிடைத்த அறிவைக் கைவிடாதிருக்க. தறியறிந்த மகள் கணக்கையோ சட்டத்தையோ கற்றால் இரண்டறிவு உடையவளாகின்றாள். அறிவியலில் உண்மையான நாட்டம் உடையவனாயின், மகன் சாய இயலைக் கற்றுக் கையறிவை நூலறிவால் உறுதி செய்துகொள்ளலாம்.

பெண் மக்களைப் பற்றி ஒரு சொல். ஆவணங்களைப் பிழையின்றி ஆயத்தம் செய்தல், தரம் பார்த்தல், கடிதப் போக்குவரத்து ஆகியவை கவனமும் நேர்த்தியும் வேண்டும் பணிகள். இவற்றில் பெண்கள் சிறந்து விளங்கக் காண்கின்றோம். மகன் படிப்புக்குக் கடன் வாங்கத் துணியும் பெற்றோர் மகளின் படிப்பைச் சுருக்குவது நியாயமன்று. அரசாங்கப் பள்ளியிற் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பெற்றன. தகுதியுடையோர் பள்ளித் தலைமையாசிரியரிடம் விவரம் கேட்டறிக.

சங்கங்கள் செய்யத்தக்கவை

பிள்ளைகளின் படிப்பு பெற்றோரின் பொறுப்பு மட்டுமன்று. ஏற்றுமதி செய்யும் சங்கங்களின் அலமாரிகளில் பழைய ஆர்டர்களின் கட்டுகள் உறங்குகின்றன. விலைப்பட்டியல், கப்பல் ரசீது, சான்றிதழ்கள், வங்கியின் ஆட்சேபக் கடிதங்கள் எல்லாம் அவற்றில் உள்ளன. இவற்றினும் சிறந்த பாடப் புத்தகம் எந்தக் கல்லூரியிலும் இல்லை. கோடை விடுமுறையில் அங்கத்தினர் மக்களுள் இருவரை அழைத்து, காரியதரிசியின் மேற்பார்வையில் இரண்டு கட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை படிக்கச் செய்யலாம். தனித்து ஏற்றுமதி செய்யாத சங்கங்கள், கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவினிடம் எழுதி விவரங்கள் பெற்று, அவற்றைச் சங்க அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கலாம். பொது நல நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு மாணவருக்கேனும் புத்தகச் செலவை ஏற்பது பெருஞ்சுமையன்று. படித்து வந்தவரைத் தக்க ஊதியத்தில் அமர்த்திக்கொள்ளும் மனமும் நிர்வாகக் குழுவினருக்கு வேண்டும். அம்மனம் இல்லையேல், நாம் செலவிட்டு வளர்த்த அறிவைத் தனியார் கொண்டு செல்வதைக் குறித்து வருந்திப் பயனில்லை.

சிந்தாதிரிப்பேட்டைத் தறிகளின் காலத்தில் நெசவாளருக்கும் கப்பலுக்கும் நடுவே பிறர் நின்றனர். இன்று அவ்விடத்தில் நம் பிள்ளைகள் நிற்கலாம். வருகின்ற கல்லூரிச் சேர்க்கைக் காலத்திற்குள் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பிள்ளையோடு அமர்ந்து, மேலே கூறிய நான்கு வேலைகளுள் அதற்கு நாட்டம் எதில் என்று பொறுமையாகக் கேட்டறிக. அதன் பின்னர்ப் பட்டத்தைத் தேர்க. மகாசபைக் கூட்டங்களிலும் இப்பொருள் பேசப்பட வேண்டும்.